படத்துக்கு அடியில் இருக்கும் பொடி எழுத்து: ஓவியப் புத்தகம் வாங்குவது பற்றி ஓர் ஓவிய ஆசிரியருக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருப்பவர் கேட்டிருக்கிறார். பள்ளி நூலகத்துக்கு ஓவியப் புத்தகம் வாங்க முன்னாள் மாணவர் ஒருவர் 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். கெட்டி அட்டை போட்ட உலக ஓவிய வரலாறு ஒன்றை வாங்குவதா, கண்காட்சி கேட்டலாக்குகளை, அதாவது காட்சிக்கு வைத்த படங்களின் பட்டியல் புத்தகங்களை, வாங்குவதா? எந்தப் படத்தைத் தேடினாலும் போனில் வந்துவிடுகிறதே, இது வேண்டாத செலவு என்கிறார் தலைமையாசிரியர். அப்படியே வாங்குவதானாலும் வேலூரில் எங்கே கிடைக்கும்?

சார், தலைமையாசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் புத்தகம் வாங்கவே வேண்டாம். போனில் விரலால் விரித்துப் பார்க்கும் அளவுக்குத் துல்லியமான படங்களைப் பெரிய அருங்காட்சியகங்கள் சும்மாவே தருகின்றன. எந்த அச்சகமும் அதோடு போட்டி போட முடியாது.

போனில் கிடைக்காதது வேறு. படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஓவியர் பெயர், வருடம், எதன்மேல் எதைக்கொண்டு தீட்டியது, உயரம், அகலம், இப்போது யாரிடம் இருக்கிறது. ஒழுங்கான கேட்டலாக் என்றால் அந்தப் படம் யார் யார் கை மாறி வந்தது என்பதும் பின்பக்கத்தில் இருக்கும். இதையெல்லாம் சரிபார்த்து, கீழே தன் பெயரைப் போட்டு ஒருவர் பொறுப்பேற்றிருப்பார். போனில் சுற்றும் படத்துக்கு அப்படிப் பொறுப்பேற்பவர் யாரும் இல்லை. கேட்டலாக்கைக் கையில் எடுத்தால் நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். அது இல்லாத புத்தகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுவேன்.

ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சிவபுரம் நடராஜர் கதை. கும்பகோணம் பக்கத்தில் சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனி அது. பழுது பார்க்க வெளியே கொடுத்தார்கள். திரும்பிக் கோயிலுக்கு வந்தது நகல். அசலை விற்றுவிட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது, தீபாராதனை நகலுக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. 1965இல் டக்ளஸ் பேரட் என்ற பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அசல் பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது, கோயிலில் இருப்பது நகல் என்ற விஷயம் அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது. அப்புறம் அந்த நடராஜர் அமெரிக்கா போய், 1973இல் நார்ட்டன் சைமன் என்ற பணக்காரர் கைக்குப் போய், வழக்கு நடந்து, 1986இல் இந்தியா திரும்பினார். ‘இப்போது யாரிடம் இருக்கிறது’ என்று ஓர் ஆராய்ச்சியாளர் ஒழுங்காக எழுதிவைத்ததிலிருந்து தொடங்கியது அத்தனையும்.

இன்றும் அதே கதைதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது. அது கோயிலில் இருந்ததுதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். 2014இல் திரும்பி வந்தது. அதனால் பழைய கறுப்பு வெள்ளைக் கேட்டலாக்கைக் கண்டால், கலர் இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, கேட்டலாக் என்றால் எல்லாம் ஒன்றில்லை. அருங்காட்சியகம் போடுவது ஒரு ரகம். அதில் ஆராய்ச்சி இருக்கும், குறிப்பு இருக்கும், விலையும் அதிகமாக இருக்கும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள செப்புத் திருமேனிகளுக்கு கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் 1932இல் போட்ட பட்டியல் இந்த ரகம். தொண்ணூறு வருடம் கழித்தும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டாமல் நகர முடியாது. இரண்டாவது, விற்பனைக் கலைக்கூடங்கள் போடுவது. தாள் நன்றாக இருக்கும், கட்டுரை முழுக்கப் புகழ்ச்சியாக இருக்கும். சுவரில் தொங்குவதை விற்கத்தானே புத்தகம் போடுகிறார்கள்? கட்டுரையை விட்டுவிட்டு வாழ்க்கைக் குறிப்பையும் அளவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏல நிறுவனங்களின் கேட்டலாக்குகள் மூன்றாவது. இவற்றைப் பலர் மதிப்பதில்லை, எனக்குப் பிடிக்கும். அளவு, கையெழுத்து எந்த மூலையில், முன்பு யார் வைத்திருந்தார்கள், எதிர்பார்க்கும் விலை என்று அத்தனையும் கறாராக இருக்கும். ஏலம் முடிந்தால் மறுநாள் எடைக்குப் போய்விடும் சரக்கு என்பதால் பழைய புத்தகக் கடையில் மலிவாகவும் கிடைக்கும்.

நீங்கள் சொல்லும் கெட்டி அட்டை உலக ஓவிய வரலாறு இதில் எதிலும் சேராது. அதில் ஒருவருக்கு ஒரு படம், ஒரு பத்தி. லியனார்டோவின் மோனா லிசா அரைப் பக்கம், பிக்காசோவின் குவர்னிகா அரைப் பக்கம். பிள்ளைகள் இரண்டும் ஒரே அளவு என்றே நினைத்துக்கொள்வார்கள். மோனா லிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், ஒரு ஜன்னல் கதவளவுகூட இல்லை. குவர்னிகா 349 சென்டிமீட்டர் உயரம், 777 அகலம். உங்கள் வகுப்பறைச் சுவரில் அது அடங்குமா என்பதே சந்தேகம். புத்தகத்தை மூடிவிட்டு, அந்த அளவுகளைச் சாக்பீஸால் சுவரிலும் தரையிலும் கோடு போட்டுக் காட்டிப் பாருங்கள். குண்டு விழுந்த ஓர் ஊரை அந்த மனிதர் ஏன் அவ்வளவு பெரிதாக வரைந்தார் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். இதற்குத் தேவையானது அந்தப் பொடி எழுத்து வரி ஒன்றுதான்.

அடுத்தது நம் ஊர். வேலூரில் ஓவியத்துக்கு என்ன இருக்கிறது என்று இங்கே பிறந்தவர்களே கேட்பார்கள். 2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் வரலாற்று எழுத்தாளர் வில்லியம் டால்ரிம்பிள் ஒரு கண்காட்சி நடத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குப் படம் போட்டுக் கொடுத்த இந்திய ஓவியர்களைப் பற்றியது. அதன் கேட்டலாக் ‘ஃபர்காட்டன் மாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் வந்தது. அதில் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் நடுவே ‘வேலூர் எல்லப்பா’ என்று ஒருவர் இருக்கிறார். 1830களில் வேலை செய்தவர். தான் உட்கார்ந்து படம் தீட்டுவதையே படமாகத் தீட்டியிருக்கிறார். கம்பெனி ஓவியங்களில் பெரும்பாலானவை பெயர் இல்லாதவை. ‘தஞ்சாவூர் ஓவியர்’, ‘திருச்சிராப்பள்ளி ஓவியர்’ என்று ஊர் பெயரோடு நின்றுவிடும். வரையச் சொன்ன துரையின் பெயர் பதிவாகியிருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. அப்படியிருக்க, கோட்டையைச் சுற்றி நாம் தினமும் போய்வரும் இந்த ஊரில் இருந்த ஒருவர் தன் முகத்தையும் தொழிலையும் சேர்த்து வரைந்து வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா? உங்கள் மாணவர்களுக்கு ரெம்ப்ராண்டின் சுயஉருவப் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் எல்லப்பாவைக் காட்டுங்கள்.

அதற்கு முந்தைய காலத்து இன்னொரு முகம் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, வாலாஜாபேட்டைக்குப் பெயர் கொடுத்தவர். 1769இல் சென்னை வந்திறங்கிய டில்லி கெட்டில், பின்னால் வந்த ஜார்ஜ் வில்லிசன் என்ற பிரிட்டிஷ் ஓவியர்கள் இருவரும் அவரை ஆளுயரத்துக்குத் தைல வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். கடன்காரர்கள் கழுத்தை நெரித்த காலத்திலும் நவாப் தன் படத்தைத் தீட்டச் சொல்லிப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார், அரசியலுக்கு உதவும் என்ற கணக்கில். இந்தியாவில் தீட்டிய பிரிட்டிஷ் உருவப் படங்களைப் பற்றி மில்ட்ரெட் ஆர்ச்சர் என்ற கலை வரலாற்றாசிரியர் எழுதிய 1979ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இந்த விவரங்கள் இருக்கின்றன. விலைக்குத் தேடினால் கண்ணைக் கட்டும். நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

காசில்லாமல் உடனே எடுக்கக்கூடியது வேறொன்று. ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண் ஒன்று மரச்செதுக்குப் படமாக இருக்கிறது. புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியது. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணைய ஆவணக் காப்பகத்தில் முழுப் புத்தகமும் கிடைக்கும். அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து, பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய், அதே மண்டபத்தின் முன்னால் நிறுத்துங்கள். முன்னங்கால் தூக்கிய குதிரைகளையும் யாளிகளையும், மேலே உட்கார்ந்திருக்கும் வீரர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொல்லுங்கள். லண்டனில் உட்கார்ந்து செதுக்கியவருக்குக் கல்லின் ஆழம் எங்கே பிடிபட்டது, எங்கே வெறும் கோடு மட்டும் போட்டுச் சமாளித்தார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். அப்படியே உள்ளே நுழைந்து விதானத்தில் தலைகீழாகத் தொங்கும் கிளிகளையும் பார்க்க விடுங்கள். நேரில் இருக்கும் பொருளுக்கும் அச்சில் வந்த படத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது இந்த ஒரு பயணத்தில் புரிந்துவிடும். கேட்டலாக் படிக்கக் கற்றுக்கொள்வதும் அதுதான்.

ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சமண ஓவியங்கள் உண்டு. சித்தன்னவாசலோடு வைத்துப் பேசப்பட வேண்டியவை. போளூர்ப் பக்கம் திருமலையில் குந்தவை ஜினாலயத்தை ஒட்டியும் சுவரோவியங்கள் உண்டு. ஆர்மாமலையில் மிச்சம் இருப்பது துண்டு துண்டாகத்தான். இந்த மாதிரி இடங்களுக்குப் பழைய நூல்களில் வந்த படங்களும் கோட்டுப் பிரதிகளும் சில சமயம் சுவரைவிட அதிகம் காட்டும். சுவர் உதிர்ந்துகொண்டே போகிறது, தாளில் ஏறியது நிற்கிறது.

இனி நவீன ஓவியம். ஏ. பி. சந்தானராஜ் 1932இல் திருவண்ணாமலையில் பிறந்தவர். அன்றைக்கு அது வட ஆற்காடு மாவட்டம், ஆக நம்ம ஊர்க்காரர் என்று தைரியமாகச் சொல்லலாம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே கற்பித்து, அதன் முதல்வராகவும் இருந்தார். 2009இல் காலமானார். அவரிடம் கோடு எங்கும் நிற்காமல் ஓடும், நிறம் அதன் பின்னால் வரும். அவர் மட்டும் தனியாக வந்தவரும் இல்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, பிறகு கே. சி. எஸ். பணிக்கர், தனபால், முனுசாமி, ஆதிமூலம் என்று ஒரு பெரிய வரிசை. 1966இல் பணிக்கரும் நண்பர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். இதைத்தான் மெட்ராஸ் இயக்கம் என்கிறோம். பள்ளி நூலகத்துக்கு ஒரே ஓர் இயக்கத்தைப் பற்றித்தான் வாங்க முடியும் என்றால் இம்ப்ரெஷனிசம் வேண்டாம், இதை வாங்குங்கள். மோனேவை யாரும் போனில் பார்த்துக்கொள்வார்கள். சந்தானராஜைத் தேடினால் வருவது சொற்பம், வருகிறதிலும் பாதிக்கு வருடமோ அளவோ இருக்காது.

இதற்கு இரண்டு புத்தகங்களைச் சொல்வேன். ஜோசப் ஜேம்ஸ் சோழமண்டலத்தைப் பற்றித் தொகுத்து 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது ஒன்று. இவர் அந்த ஓவியர்களோடு பல காலம் பழகி எழுதியவர் என்பதால் புகழ்ச்சி கொஞ்சம் இருந்தாலும் விஷயம் இருக்கும். அஷ்ரஃபி பகத் எழுதி, டிஏஜி கலைக்கூடம் 2019இல் ‘மெட்ராஸ் மாடர்ன்’ கண்காட்சிக்காகப் போட்ட கேட்டலாக் இன்னொன்று. விற்பனைக் கலைக்கூடம்தான், ஆனாலும் இதை விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி அழுத்தமாக இருக்கிறது.

ஓர் உபாயம் சொல்கிறேன். பணம் குறைவாக இருந்தால் கோட்டோவியர்களை முதலில் வாங்குங்கள். நிறம் அச்சில் ஏறும்போது கெடும், கோடு கெடாது. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைச் சாதாரணத் தாளில் அடித்தாலும் பேனாவின் அழுத்தம் தெரியும். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலம் போட்ட படங்கள் வாரப்பத்திரிகைத் தாளிலேயே நின்றன அல்லவா? பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை இதற்கு நேர் எதிர். 1963 வாக்கில் தொடங்கியது. கித்தான் முழுக்க எழுத்து போலவும் ஜாதகக் கட்டம் போலவும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார். கால் பக்கத்துக்குச் சுருக்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். பணிக்கரை வாங்கினால் பெரிய அளவில், நல்ல அச்சில் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

எங்கே வாங்குவது? வேலூரில் இதற்கென்று கடை இல்லை. லாங் பஜாரிலும் ஆபிசர்ஸ் லைனிலும் நோட்ஸும் போட்டித் தேர்வுப் புத்தகமும்தான். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போய்விட்டு அன்றே திரும்பலாம். க்ரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் அவர்களுடைய ஒல்லியான ஓவியர் வரிசை நூல்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓர் ஓவியருக்கு ஒரு சின்னப் புத்தகம், பழைய அச்சு, பழைய விலை. கலர் மங்கலாக இருக்கும், விவரம் சரியாக இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவர்களுடைய பழைய வெளியீடுகளின் மறுபதிப்புகளை வாங்கலாம். அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். விலை கட்டுப்படியாகாததை அங்கே உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டால் போதும். நேரம் இருந்தால் ஈஞ்சம்பாக்கம் போய் சோழமண்டலத்தில் மெட்ராஸ் இயக்க அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஜனவரிப் புத்தகக் கண்காட்சியில் தமிழில் ஓவியம் பற்றி வந்ததைத் தேடலாம். கலை விமர்சகர் இந்திரன் எழுதியவை நல்ல தொடக்கம்.

ஊரை விட்டு நகராமலே கிடைப்பதும் நிறைய. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி நிறுவனமும் தங்கள் பழைய கேட்டலாக்குகளை நூற்றுக்கணக்கில் முழுசாக, இலவசமாகப் போட்டிருக்கின்றன. ஹாங்காங்கில் உள்ள ஏசியா ஆர்ட் ஆர்கைவ் தளத்தில் இந்திய நவீன ஓவியம் பற்றிய பழைய பத்திரிகைகளும் கேட்டலாக்குகளும் உண்டு. மேல்நாட்டு ஓவியத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பின்பக்கத்தில் படப் பட்டியல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமும் உள்ளே இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஃபிரேம் போடுவதற்காக நல்ல படங்களை பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை விற்பார்கள். அந்தக் காலப் புத்தகங்களில் கலர் படங்களைத் தனியாக அச்சடித்து, மேல் விளிம்பில் மட்டும் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். அது உரிந்து விழுந்திருந்தால் வெற்றுத் தாளும் தலைப்பும் மட்டும் இருக்கும். அப்புறம் முதுகைப் பாருங்கள். தையல் பைண்டிங் என்றால் நடுவில் நூல் தெரியும். வெறும் பசை பைண்டிங் என்றால், வேலூர் வெயிலில் இரண்டு கோடை தாண்டினால் பசை காய்ந்து பக்கம் கையோடு வரும். அச்சைச் சோதிக்க படத்தின் விளிம்பைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழல் அடிக்கும். அந்தப் புத்தகத்தில் எந்த நிறத்தையும் நம்ப முடியாது.

உங்கள் 10,000 ரூபாயை நான் எப்படிச் செலவழிப்பேன் என்றால், பாதிக்கு மெட்ராஸ் இயக்கத்தைப் பற்றி ஒரு கனமான கேட்டலாக். ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்கு லலித் கலா நூல்களில் கிடைத்தவரை. எல்லப்பா இருக்கும் கேட்டலாக் தள்ளுபடியில் அகப்பட்டால் அது. மிச்சத்தில் ஃபெர்குசன் பக்கம், ஏலக் கேட்டலாக் பக்கங்கள் என்று பெரிய அச்சுகள். இந்தப் புத்தகங்களும் முப்பது அச்சும் போதும், ஒரு வருடத்துக்கு வேலை இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் சிக்கல். அதற்குப் பெரிய மொழிபெயர்ப்பு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டில் பெயர், வருடம், எதில் தீட்டியது, அளவு, எங்கே இருக்கிறது என்ற ஐந்தையும் தமிழில் எழுதிப் பக்கத்தில் செருகிவைக்க மாணவர்களையே வையுங்கள். பொடி எழுத்து வரி எப்படி உருவாகிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

பராமரிப்புக்கு வந்தால், பெரிய புத்தகங்களை நிற்கவைக்காமல் படுக்கவையுங்கள். நிற்கவைத்தால் தாளின் எடையிலேயே முதுகு பிய்ந்துவிடும். ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. எனவே ஓடு ஒழுகும் பக்கமோ ஜன்னலோரமோ வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை புரட்டிக் காற்றாட விடுங்கள், கரையானும் ராமபாணப் பூச்சியும் அண்டாது. கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் அது மஞ்சளாகி, படத்தின் நிறத்தையும் சேர்த்துக் கெடுக்கும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். நல்ல படங்களைப் பத்திரப்படுத்துகிறேன் என்று யாராவது லேமினேஷன் யோசனையோடு வந்தால் மட்டும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.